பாயில் முக்கால் மணி நேரம்

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை வாரம் ஒருமுறை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பஸ் மாறித் தெரபிக்கு வருகிறார்கள். தெரபிஸ்டுகளாகிய நாம் பாயில் படுக்கவைத்து முக்கால் மணி நேரம் கைகாலை நீட்டி மடக்குகிறோம். தொடை கொஞ்சம் தளர்கிறது. தாய்க்கும் திருப்தி, நமக்கும் திருப்தி. வாரத்தின் மிச்சமுள்ள 167 மணி நேரமும் அந்தக் குழந்தை எப்படி உட்காருகிறது, எப்படிச் சாப்பிடுகிறது, எப்படித் தூங்குகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

கையால் நீட்டிவிடுவது மட்டுமே சிகிச்சை என்ற காலம் முடிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழுவினர் 2013இலும் மீண்டும் 2020இலும் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, டிராஃபிக் சிக்னல்போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்துக் காட்டினார்கள். குழந்தை தானே முயன்று செய்யும் பயிற்சி, குறிக்கோள் வைத்த பயிற்சி, வீட்டிலேயே செய்யும் பயிற்சி ஆகியவை பச்சைப் பக்கம் நின்றன. நாம் அசைக்க, குழந்தை அசைபடும் முறைகள் பச்சையில் இடம்பெறவில்லை. கல்லூரியில் நமக்குப் பாடமாக வந்த போபாத் முறையின் பழைய வடிவத்துக்கும் சிவப்புதான். கசப்பான செய்தி. ஆனாலும் பல மையங்களில் இன்றும் நடப்பது அதுவே. அதற்கு ஒரு காரணம், பெற்றோர் கண்ணுக்கு அதுதான் ‘டிரீட்மென்ட்’ மாதிரித் தெரிகிறது.

வேறு வழி இருக்கிறது என்பதற்குச் சாட்சி தேடி வெளிநாடு போக வேண்டாம். நம் தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியிலேயே இருக்கிறது. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், சிகிச்சையை மையத்திலிருந்து கிராமத்து வீடுகளுக்குக் கொண்டுபோனது. சமூக மறுவாழ்வுப் பணியாளர்கள் செல்போன் செயலியோடு வீட்டுக்குப் போகிறார்கள்; தெரபிஸ்டுகள் பின்னால் நின்று வழிநடத்துகிறார்கள்; குடும்பம்தான் நடுவில். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். அந்த வேலைமுறையைச் சொந்தக் கிளினிக்கில் எவ்வளவு எடுத்துக்கொண்டோம் என்பது வேறு கேள்வி.

இங்கே அசைவுக் கோளாறுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோப்பைத் திறந்தால் எல்லாக் குழந்தைக்கும் ‘ஸ்பாஸ்டிக்’ என்றே எழுதியிருக்கிறது. பெரும்பான்மை அதுதான் என்பது சரி. ஆனால் பிறந்த சில நாட்களில் கடும் மஞ்சள் காமாலை வந்து மூளையின் அடித்தள முடிச்சுகள் பாதிக்கப்பட்ட குழந்தை, மூச்சுத்திணறலில் தலாமஸ் அடிபட்ட குழந்தை எல்லாம் வேறு ரகம். டிஸ்டோனியாவும் அதிடோசிஸும் அங்கே கலந்திருக்கும். வேகமாக இழுத்தால் இறுகுவது ஸ்பாஸ்டிசிட்டி. கூப்பிட்டால், சிரித்தால், ஒரு பொருளுக்குக் கை நீட்ட நினைத்தாலே முறுக்கிக்கொள்வது டிஸ்டோனியா. “தூங்கும்போது கைகால் தளர்ந்துபோகுமா அம்மா?” என்ற ஒரு கேள்வி பாதி விடையைத் தந்துவிடும். “தூங்குனா பஞ்சு மாதிரி ஆயிருவான் சார்” என்று பதில் வந்தால், அந்தத் தசையை நாள் முழுக்க நீட்டி என்ன பயன்? அந்தக் குழந்தைக்கு வேண்டியது உடம்புக்குப் பிடிமானம், உட்காரும் நிலை, சைகையிலோ படப் பலகையிலோ பேச ஒரு வழி. இந்தக் குழந்தைகளில் பலருக்குப் புத்தி தெளிவாக இருக்கும். முகம் கோணுவதைப் பார்த்து ஊர்தான் தப்பாக எடைபோடுகிறது. நாமும் சில சமயம்.

சோறூட்டுவதையே எடுத்துக்கொள்வோம். விசைத்தறி ஓடும் வீடு. தாய் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டு, தலை பின்னால் சாய, பருப்புச்சோற்றை வாயில் வைக்கிறாள். உடம்பு வில்லாக வளைகிறது, புரையேறுகிறது, அடுத்த மாதம் நெஞ்சுச் சளி. இரண்டு சுவர் சேரும் மூலையில் குழந்தையை உட்காரவைத்து, தொடைகளுக்கு நடுவே சுருட்டிய துண்டு, தோள்கள் முன்னால் வர இரு பக்கமும் தலையணை, முகவாய் லேசாகக் கீழே. இவ்வளவுதான் மாற்றம். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு அரை மணி. எந்த மையமும் தர முடியாத அளவு பயிற்சி அதிலேயே கிடைத்துவிடுகிறது.

‘ஹோம் புரோகிராம்’ என்ற பெயரில் பன்னிரண்டு படம் போட்ட தாளைக் கொடுத்தனுப்புவதைச் சொல்லவில்லை. ஷிஃப்ட் முடித்து வருகிற பெண், தண்ணீர் பிடித்து, சமைத்து, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பன்னிரண்டு பயிற்சி செய்யமாட்டாள். செய்யவில்லை என்று அடுத்த வாரம் நாம் கடிந்துகொண்டால், அதற்கடுத்த வாரம் வரவே மாட்டாள். குறிக்கோள் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதையும் குடும்பமே சொல்லட்டும். “தானா டம்ளர் பிடிச்சுக் குடிக்கணும்” என்பது நல்ல குறிக்கோள். ‘தசை இறுக்கத்தைக் குறைத்தல்’ என்பது நம் நோட்டுப் புத்தகத்துக்கு மட்டும் பயன்படும். அப்பாவும் தாத்தாவும் இதில் கை கொடுக்கத் தெரபிஸ்ட் ஒரு நாள் அவர்களையும் வரச்சொல்ல வேண்டும்.

“எப்பம் சார் நடப்பான்?” இந்தக் கேள்விக்குப் பயந்து மழுப்புகிறோம். இயக்கத் திறனை லேசான பாதிப்பு முதல் கடுமையான பாதிப்பு வரை வகைப்படுத்தும், 1997இல் வந்த ஜி.எம்.எஃப்.சி.எஸ். ஐந்து நிலைகளும், 2002இல் கனடாவின் ஒன்டாரியோவில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து வரைந்த வளர்ச்சிக் கோடுகளும் நம் கையில் இருக்கின்றன. முதல் நிலைக் குழந்தை தன் இயக்கத் திறனில் 90 சதவீதத்தை ஐந்து வயதை ஒட்டி எட்டிவிடுகிறது. ஐந்தாம் நிலைக் குழந்தை மூன்று வயதுக்குள். ஐந்தாம் நிலையில் இருக்கும் ஆறு வயதுப் பையனின் பெற்றோரிடம் “இன்னும் ஒரு வருஷம் தெரபி கொடுங்க, பார்ப்போம்” என்பது ஆறுதல் இல்லை. அந்தக் காசில் நல்ல சக்கர நாற்காலி வாங்கலாம்.

அதே பையனின் இடுப்பு எக்ஸ்ரே எங்கே? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்த ஆய்வில் முதல் நிலையில் ஒரு குழந்தைக்கும் இடுப்பு மூட்டு விலகவில்லை; ஐந்தாம் நிலையில் 90 சதவீதம் பேருக்கு விலகியிருந்தது. வலி வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். தெற்கு ஸ்வீடனில் 1994 முதல் இத்தகைய குழந்தைகளைப் பதிவுசெய்து முறையாகப் படமெடுத்து, மூட்டு முழுதாக நழுவுவதைப் பெரிதும் குறைத்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை நம் வேலை இல்லை. கேட்டு வாங்குவது நம் வேலை. விலகல் 30 சதவீதத்தைத் தாண்டினால் எலும்பு மருத்துவருக்குக் கடிதம் எழுதுங்கள். படமெடுக்கும் டெக்னீஷியனுக்கும் ஒரு வரி: மல்லாந்த நிலை, இரு முட்டிச் சில்லும் கூரையைப் பார்க்க, இடுப்பு ஒரு பக்கம் சாயாமல், தொடைகளை அகட்டவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம்.