றப்பர் முகமூடியைப் பார்த்துச் சிரிக்கிற ஆட்களுக்கு

பழைய பேய்ப்படமெண்டால் எங்கட வயசுப் பெடியளுக்கு அது மீம் போடுற சாமான். பேயின்ர நகம் பிளாஸ்டிக், இரத்தம் சிவப்புச் சாயம், வௌவால் நூலில தொங்குது. எல்லாம் உண்மைதான். அதுக்கென்ன?

காசில்லாதது ஒரு குற்றமே இல்லை என்கிறோம் நாங்கள். 1968இல் ஜோர்ஜ் ரொமேரோ 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' எடுத்தபோது இரத்தத்துக்கு ஊற்றியது சொக்லேட் பாணி. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஆருக்குத் தெரியும்? 'ஈவில் டெட்' (1981) படத்தில் சாம் ரெய்மியின் ஆட்கள் கமராவைப் பலகையில் பூட்டி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். துரத்தி வருவது என்னவென்று காட்டாமலே நடுங்க வைத்தார்கள். மும்பையில் ராம்சே சகோதரர்கள் ஏழு பேரும் கமரா, ஒலி, எடிட்டிங் என்று வேலையைத் தங்களுக்குள்ளேயே பிரித்துக்கொண்டார்கள். தமிழில் பேபி 'மை டியர் லிசா' (1987), '13ஆம் நம்பர் வீடு' (1990) என்று எடுத்தார். காட்ட வசதியில்லாதவர்கள் எங்களைக் காத்திருக்க வைத்தார்கள். அந்தக் காத்திருப்புத்தான் பயம். இன்றைய 'அரண்மனை' வரிசையில் கிராபிக்ஸுக்குக் குறைவில்லை. ஆனால் பயம் வரமுதலே ஒரு பகிடியை விட்டு அதைக் கலைத்துவிடுகிறார்கள்.

பழைய படங்களின் உண்மையான குற்றம் வேறு. ராம்சேக்களின் 'புரானா மந்திர்' (1984) படத்தில் சாம்ரியின் தலையை வெட்டச் சொன்னது அரசன். ஆனால் சாபத்தால் சாவது அவன் வம்சத்துப் பெண்கள், அதுவும் பிள்ளை பெறுகிற நேரத்தில். எங்கள் தமிழ்ப் பேயும் பெரும்பாலும் ஏமாற்றிக் கொல்லப்பட்ட ஒரு பெண்தான். உயிரோடு இருந்தபோது அவள் சொன்னதை ஒருத்தரும் கேட்கவில்லை. செத்த பிறகு வந்து சொன்னால் மந்திரவாதியைக் கூப்பிடுகிறார்கள். சிரிக்கிறதெண்டால் இதைப் பார்த்துச் சிரியுங்கோ. இதுக்கு ஏன் ஒரு மீமும் வாறேல்லை?

நிலாவெளியில் போனில் குறும்படம் எடுக்கிற நண்பர்களுக்கும் இதுதான் சொல்ல இருக்கு. 'லைற் இல்லை, கமரா இல்லை' எண்டு சாக்குச் சொல்லாதேங்கோ. இருட்டுக்குக் காசு தேவையில்லை. சண்டையும் 2004 சுனாமியும் விட்டுப்போன வெறுஞ்சுவர்களை எங்கட ஊர் கண்டிருக்கு. அப்படியொரு சுவருக்குள்ள பேயை விடமுதல், அங்க இருந்தவை ஆர், ஏன் திரும்பி வரேல்லை எண்டு கேளுங்கோ. முகமூடியைப் பிறகு வாங்கலாம்.