சான்டா டிரஸ்ஸா, சின்னக் கை ஒட்டிய ஸ்டாரா... எல்.கே.ஜி கிறிஸ்துமஸுக்கு எது வேணும்?

டிசம்பர் பாதி தாண்டினாலே எல்.கே.ஜி பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த மெசேஜ் வந்துடும். 'வெள்ளிக்கிழமை கிறிஸ்துமஸ் செலிப்ரேஷன். பாய்ஸ் சான்டா டிரஸ், கேர்ள்ஸ் ஏஞ்சல் டிரஸ்.' அடுத்த நிமிஷமே, 'நாலு வயசு சைஸ் எங்க கிடைக்கும்?', 'வாடகைக்குக் கிடைக்குமா?' என்று குரூப் அலற ஆரம்பிக்கும்.

போன வருஷம் என் அக்கா வீட்டிலும் இதே கதைதான். கடை கடையாக அலைந்து வாங்கிய டிரஸ். 'சித்தி, தாடி அரிக்குது'ன்னு அரை மணி நேரத்தில் கழற்றி வீசிட்டான் அவள் பையன். ஆனா, அதே நாள் மிஸ் சொல்லிக்கொடுத்து அவனே ஒட்டிய பேப்பர் ஸ்டார் இன்னமும் அவங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இருக்கு.

நம்ம ஊரில் கிறிஸ்துமஸ் எப்பவும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான். தீபாவளிக்கு இங்கிருந்து போன தட்டு, கிறிஸ்துமஸுக்கு கேக், அதிரசத்தோடு திரும்பி வரும். யார் பக்கத்து வீடுன்னே தெரியாத அப்பார்ட்மென்ட் குழந்தைகளுக்கு, அந்தத் தட்டின் வேலையை இப்போ மழலையர் வகுப்புதான் செய்யுது. குடில்னா என்ன, வாசலில் ஏன் ஸ்டார் தொங்குதுன்னு பல குழந்தைகள் முதலில் கேட்பதே மிஸ்ஸிடம்தான்.

கையெழுத்து யாருக்கு?

அந்த இடத்திலும் சர்ச்சை வந்தாச்சு. பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் குழந்தைகளுக்கு சான்டா வேஷம் போடக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தின் ஷாஜாபூர் மாவட்டக் கல்வி அலுவலகம் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

பெற்றோரைக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனா, கிருஷ்ண ஜெயந்திக்குப் புல்லாங்குழலும் மயிலிறகுமா போகும்போது கேட்காத கையெழுத்தை, சிவப்புத் தொப்பிக்கு மட்டும் கேட்டால்? பக்கத்தில் உட்காரும் நண்பனின் பண்டிகை ஏதோ ஆபத்தானது என்றுதான் குழந்தைக்குப் புரியும். கேட்பதா இருந்தா எல்லாப் பண்டிகைக்கும் ஒரே மாதிரி கேட்கணும்.

இந்தச் சண்டையில் யாரும் கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு. ஒருநாள் கூத்துக்கு டிரஸ் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை அன்னிக்கு எங்கே நிற்கும்? பெரும்பாலும் குரூப் போட்டோவின் ஓரத்தில். சில வீடுகளில் 'காய்ச்சல்'னு லீவே போட்டுடுவாங்க.

சான்டாவின் மூலக்கதையே வேற. 4-ம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் மைரா நகரின் பிஷப் நிக்கோலஸ்தான் அந்தத் தாத்தாவுக்கு முன்னோடி. இல்லாதவங்களுக்கு ராத்திரியில், யார் கண்ணிலும் படாமல் உதவினார் என்றுதான் அவரைப் பற்றிய கதைகள் சொல்லுது. அவர் பெயரில் நாம நடத்துவது, யார் டிரஸ் பளபளன்னு இருக்குங்கிற போட்டி!

கிளாஸ் ரூமில் பிறந்த ஸ்டார்

மழலையர் கல்வியின் தந்தை ஃபிரெட்ரிக் ஃப்ரோபல், ஜெர்மனியில் 1837-ல் தொடங்கிய பள்ளிக்கு 1840-ல் வைத்த பெயர்தான் 'கிண்டர்கார்டன்'. குழந்தைகளின் தோட்டம் என்று அர்த்தம். பேப்பர் மடிப்பது அவர் பாடமுறையில் முக்கியமான வேலை. நாலே நாலு பேப்பர் பட்டைகளை மடித்துச் செய்யும் ஒரு கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு ஜெர்மனியில் இன்றும் அவர் பெயர்தான். உலகம் முழுக்கத் தொங்கும் கூர் கூரான 'மொரேவியன் ஸ்டார்' பிறந்ததும் 1830-களில், அதே ஜெர்மனியின் நீஸ்கி ஊர்ப் பள்ளியில், ஜியோமெட்ரி பாடமாகத்தான்.

நாலு வயசுக் கைக்கு அவ்வளவு மடிப்பு கஷ்டம். இரண்டு முக்கோணங்களை ஒன்றன் மேல் ஒன்று தலைகீழாக ஒட்டச் சொன்னால் போதும், ஸ்டார் ரெடி. பழைய கல்யாணப் பத்திரிகையே போதும், செலவே இல்லை. எல்லாக் குழந்தையும் செய்யலாம், செய்ததைப் பக்கத்துக் குழந்தைக்குக் கொடுக்கலாம். ஸ்கூல் முடிந்தும் உட்கார்ந்து சார்ட் வெட்டி மேடை ஜோடிக்கும் மிஸ்களுக்கும் பாதி வேலை மிச்சம்.

டிரஸ் போட ஆசைப்படும் குழந்தை தாராளமா போடட்டும். அது கட்டாயம் ஆகாம இருந்தா சரி. அதனால, இந்த முறை குரூப்பில் மெசேஜ் வந்ததும் ஆன்லைனில் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு வரி டைப் பண்ணுங்க: 'மிஸ், வீட்ல இருக்கிற கலர் டிரஸ் போதுமா?'

கேட்கத் தயங்கிட்டிருக்கும் இன்னொரு அம்மா, முதல் ஆளா அதுக்குத் தம்ஸ்அப் போடுவாங்க.