பிசுபிசுத்த பட்டன்களும் அம்மம்மாவின் தேங்காய் எண்ணெயும்

தொண்ணூறுகளின் கடைசியில் அல்லது 2000களின் தொடக்கத்தில் வந்த இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க யோசிக்கிறீங்கள் என்றால், எஞ்சினைப் பார்க்க முதல் கண்ணாடி இறக்குகிற பட்டனை ஒருக்கா அமத்திப் பாருங்கோ. அநேகமாக விரல் ஒட்டும். கையை எடுத்தால் கறுப்பாக ஏதோ விரலோடு சேர்ந்து வரும். எங்கட கராஜில் நிற்கிற காரிலும் இதே கதைதான். ரேடியோவைச் சுற்றின பகுதி, ஏசி பட்டன்கள், கதவின் கைபிடி எல்லாம் வெயிலில் இளகின பனங்கட்டி மாதிரி.

இது அழுக்கு இல்லை. அந்தக் காலத்தில் பிளாஸ்டிக்குக்கு மேலே பாலியூரித்தேன் பூச்சு ஒன்று அடிப்பார்கள். தொட்டால் தோல் மாதிரி மெத்தென்று இருக்கும், மலிவான பிளாஸ்டிக் என்று தெரியாது. ஆனால் காற்றில் இருக்கிற ஈரம் அந்தப் பூச்சின் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். வெக்கை அதை இன்னும் விரைவாக்கும். ஓடாமல் மூடி வைத்த காரிலும் இது நடக்கும். பழைய டோர்ச் லைட், கம்ப்யூட்டர் மவுஸ், பைனாகுலர் எதையாவது லாச்சிக்குள் இருந்து எடுக்கும்போது கையில் ஒட்டியிருக்குமே, அதுவும் இதேதான். கைக்குப் பூசுகிற கிரீமும் சன்ஸ்கிரீனும் பட்டால் இன்னும் கெதியாய்ப் பழுதாகும்.

புதுப் பட்டன்களுக்கு ஒரு இடத்தில் விலை கேட்டேன். அந்தக் காசுக்கு ஒரு மாத மோர்ட்கேஜ் கட்டலாம். புதுசிலும் அதே பூச்சு இருந்தால் பத்து, பதினைந்து வருசத்தில் திரும்பவும் இதே வேலை. அதனால் நானே செய்வது என்று முடிவெடுத்தேன். துணைக்கு 11 வயது மகள். மேற்பார்வைக்கு அம்மா, கேட்காமலேயே கதிரை போட்டு இருந்துவிட்டார்.

மகளும் அம்மம்மாவும் ஒரே வீட்டில் இருந்தாலும் அவர்களுக்குள் கதை "சாப்பிட்டியா", "ஓம்" என்பதோடு முடிந்துவிடும். அம்மா தமிழில் கேட்பார், இவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள், அம்மா என்னைப் பார்ப்பார். உங்கட வீட்டிலும் பார்த்திருப்பீங்கள்.

அம்மா கழற்றின துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தேங்காய் எண்ணெய் போட்டுத் துடை பிள்ளை. பலாப்பழப் பால் எப்பிடிப் போகுது?"

"பலாப்பழத்தில milk இருக்கா?" என்றாள் மகள், அந்த ஒரு சொல்லை மட்டும் ஆங்கிலத்தில்.

அங்கே தொடங்கிய கதை அரை மணித்தியாலம் போனது. ஊர் வீட்டு மரம், பழம் வெட்டப் பேப்பர் விரிப்பது, கத்திக்கு முதலே எண்ணெய் பூசுவது, பால் சட்டையில் பட்டால் வாங்கின அடி. மகள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு, வெளியே தெரியாத பின்பக்கத்தில் இரண்டையும் பரீட்சித்துப் பார்த்தோம். பலாப்பால் எண்ணெயில் கரையும், இந்தப் பூச்சு கரையாது. எண்ணெய் போட்ட இடம் இன்னும் வழுவழுத்தது. ஐசோபுரொப்பைல் அல்ககோல், பார்மசியில் விற்கிற 99 வீதப் போத்தல், அதுதான் வேலை செய்தது. அப்பாவின் பழைய சாரத்தைக் கிழித்து நனைத்து, துண்டின் மேல் ஐந்து நிமிசம் போர்த்தி விட்டால் பூச்சு சுருங்கி எழும்பும். ஐஸ்கிரீம் குச்சியால் வழித்து எடுக்கலாம். துணியை அடிக்கடி மாற்றாவிட்டால் எடுத்ததையே திரும்பப் பூசிக்கொண்டிருப்பீங்கள். அசிற்றோன் பக்கம் போகவே வேண்டாம், அது கீழே இருக்கிற பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும்.

பிள்ளைகளை வைத்துச் செய்யிறதென்றால் சில விசயங்களில் நான் கண்டிப்பு. கையுறை போட வேண்டும். கராஜ் கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். எரிகிற சுவாலை உள்ள ஹீட்டர் பக்கத்தில் இருக்கக் கூடாது, அல்ககோலின் ஆவி பற்றும். பட்டன்களைக் கழற்ற முதல் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிசம் பொறுங்கோ, ஏர்பாக் வயர்கள் கிட்டத்தான் ஓடும். பழைய ரேடியோ என்றால் அதன் கோட் நம்பர் கையில் இருக்கா என்று அதற்கும் முதலே பாருங்கோ.

கஷ்டமான பகுதி, படம் போட்ட பட்டன்கள். பலதில் அடியில் வெள்ளை பிளாஸ்டிக், மேலே கறுப்புப் பூச்சு, அந்தப் பூச்சை லேசரால் செதுக்கித்தான் படம் வரும். பூச்சு முழுக்கப் போனால் படமும் போகும், இரவில் பட்டன் முழுக்க வெளிச்சமாக எரியும். மகள் விசிறிப் படம் போட்ட பட்டனைத் தேய்க்கத் தொடங்க, அம்மா கையைப் பிடித்தார். "தேய்க்காதை. ஒத்தி எடு, ஒத்தி." காயத்துக்கு மருந்து போடுகிற மாதிரிச் செய்து காட்டினார். மகள் அப்படியே ஒத்தினாள். பிசுபிசுப்புப் பாதி போனது, படம் நின்றது. பிறகு அவளே என்னைத் திருத்தினாள்: "அம்மா, ஒத்தி எடுங்கோ."

பெரிய துண்டுகளுக்கு பிளாஸ்டிக் பிரைமர் அடித்து, மேலே மெல்லிசாக மூன்று தரம் மினுக்கம் குறைந்த கறுப்புப் பெயின்ட். கடினமான இரண்டு-கலவை கிளியர் நல்லாய் நிற்கும் என்பார்கள். அதில் ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரண முகமூடி அதற்குக் காணாது. பிள்ளைகள் ஓடித்திரிகிற வீட்டுக் கராஜில் நான் அதைத் தொட மாட்டேன்.

ஐந்து பட்டன்கள் ஒத்தியும் சரிவரவில்லை. திரும்பப் பூசி லேசரால் படம் செதுக்கித் தருகிற ஒருவருக்கு அனுப்ப, பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். எது எந்த இடம் என்று மகள் சின்னப் பைகளில் தமிழில் எழுதியிருக்கிறாள். "விசிறி" சரியாக வந்திருக்கிறது. "கண்ணாடி"க்கு இரண்டு சுழி 'ன' போட்டிருக்கிறாள். அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.