வழிகாட்டல் உரிமை, விற்பனை அல்ல

பொதுத்தேர்வு முடியும் முன்பே பள்ளி வளாகங்களில் இன்னொரு பரபரப்பு தொடங்கிவிடுகிறது. ‘தொழில் வழிகாட்டல் முகாம்’, ‘உயர்கல்விக் கண்காட்சி’, ‘கனவை வெல்லுங்கள்’ என்ற பதாகைகள் தொங்குகின்றன. கோட்டு அணிந்த பேச்சாளர் ஒருவர் வருகிறார். ஏழையாகப் பிறந்து உச்சம் தொட்ட இருவர் மூவரின் கதையைச் சொல்கிறார். உழைத்தால் வானமே எல்லை என்கிறார். மாணவர்கள் கை தட்டுகிறார்கள். வெளியே வரும்போது ஒவ்வொருவர் கையிலும் தனியார் கல்லூரியின் வண்ணத்தாள் ஒன்றும், அவர்களது பெற்றோரின் கைபேசி எண் அந்தக் கல்லூரியின் பட்டியலிலும் இருக்கின்றன.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வழிகாட்டல் தேவை என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. படித்த பெற்றோரின் பிள்ளைக்கு அது வீட்டுக் கூடத்திலேயே கிடைத்துவிடுகிறது. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடம் இல்லை. அந்தப் பள்ளியின் மேடையில் யார் நிற்கிறார்கள், என்ன சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதே நம்முன் உள்ள கேள்வி.

திருப்பதி மாவட்டத்தின் பிச்சாட்டூரை எடுத்துக்கொள்வோம். ஊத்துக்கோட்டையிலிருந்து நாகலாபுரம் வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில் உள்ள எல்லைப்புற ஊர். 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துடன் இணைந்தது. கோடு மாறியது, மக்களின் பேச்சு மாறவில்லை. பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆரணியாற்று நீர் அனுமதி கேட்காமல் ஊத்துக்கோட்டைக்கு வந்துவிடுகிறது. பிச்சாட்டூர் மாணவர் அப்படி வந்துவிட முடியாது.

ஆந்திரத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழ் வழியில் எழுதலாம். அதன்பின் தமிழ் வழி வாய்ப்புகள் அருகிவிடுகின்றன. தமிழில் தொடர விரும்பும் மாணவர் ஊத்துக்கோட்டைப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் சேர்ந்தால் என்ன ஆகும்? ஆந்திரக் கல்லூரிகளில் 85 விழுக்காட்டு இடங்கள் ‘உள்ளூர்’ மாணவர்களுக்கு உரியவை. தகுதித் தேர்வோடு முடியும் நான்கு ஆண்டுகளைத் தொடர்ந்து அப்பகுதியில் படித்திருக்க வேண்டும் என்பது 1974ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை வகுத்த விதி. இரண்டு ஆண்டுகள் எல்லை தாண்டிப் படித்தவர் அந்தத் தகுதியை இழந்து, எஞ்சிய 15 விழுக்காட்டுக்குப் போட்டியிடும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். சரி, தமிழ்நாட்டில் இடம் கேட்கலாமா? அங்கே இருப்பிடச் சான்று கேட்கப்படும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடோ, ஆறாம் வகுப்பு முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே உரியது. தாய்மொழியில் படிக்க ஆசைப்பட்ட ஒரே காரணத்துக்காக இரு மாநிலங்களின் கதவுகளும் பாதி மூடிக்கொள்கின்றன.

இந்த விதிகளில் எதுவும் இரகசியமல்ல. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் சொல்லியிருந்தால்தான் பயன். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கலந்தாய்வு அலுவலகத்தின் சன்னலில் தெரிந்துகொள்வது வழிகாட்டல் அல்ல, தண்டனை. ‘வானமே எல்லை’ என்று முழங்கும் பேச்சாளர், ஊத்துக்கோட்டை எல்லையைப் பற்றி ஒரு சொல் பேசுவாரா?

சொல்லப்பட வேண்டியவை இன்னும் உள்ளன. எட்டாம் வகுப்பில் எழுதக்கூடிய தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வில் தேறினால், பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே கிராமப்புற மாணவர்கள் சேரக்கூடிய ஆறாண்டுப் பொறியியல் படிப்பு, நூஜிவீடு, இடுபுலபாயா உள்ளிட்ட ராஜீவ்காந்தி அறிவுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகங்களில் இருக்கிறது. பாலிடெக்னிக் சேர்க்கைக்குப் பாலிசெட் இருக்கிறது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. இவற்றைச் சொல்வதால் எந்தத் தனியார் கல்லூரிக்கும் இலாபம் இல்லை. ஆகவே சந்தையின் மேடையில் இவை கடைசி வரிசைக்குப் போய்விடுகின்றன.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட குறையும் அன்று. 1952-53இல் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, பயிற்சி பெற்ற வழிகாட்டல் அலுவலர்களும் தொழில் வழிகாட்டி ஆசிரியர்களும் பள்ளிகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1964-66இன் கோத்தாரிக் குழு, வழிகாட்டல் தொடக்க வகுப்பிலிருந்தே தொடங்க வேண்டும் என்றது. எழுபது ஆண்டுகள் கடந்தும் அரசுப் பள்ளியில் அந்த வேலை, கணக்கு ஆசிரியரோ உடற்கல்வி ஆசிரியரோ ஓய்வு நேரத்தில் சுமக்கும் கூடுதல் பொறுப்பாகவே கிடக்கிறது. அரசு விட்ட இடத்தில் சந்தை கடை விரிக்கிறது.

ஒன்றிய பாஜக அரசு தரும் ‘தொழில் அறிமுக’மும் நமக்கு ஐயத்தையே தருகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் பத்து நாள் புத்தகப் பையின்றி உள்ளூர்த் தச்சர், குயவர், தோட்டக்காரர், கலைஞர்களிடம் தொழில் பழக வேண்டும் என்கிறது. உழைப்பை மதிக்கக் கற்பது நல்லதே. ஆனால் குயவரின் பிள்ளைக்கு மருத்துவமனையையும் ஆய்வுக்கூடத்தையும் காட்டும் பத்து நாள் எங்கே? 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்றது. 2023இல் வந்த விஸ்வகர்மா திட்டம் 18 மரபுவழித் தொழில்களைப் பட்டியலிட்டது. இவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும் எவருக்கும், 1953இல் இராஜாஜி கொண்டுவந்து மக்கள் எதிர்ப்பால் மறு ஆண்டே கைவிடப்பட்ட குலக்கல்வித் திட்டம் நினைவுக்கு வராமல் போகாது. பிறப்பு காட்டிய வழியிலிருந்து விடுவிப்பதுதான் வழிகாட்டல். அதே வழியில் திருப்பி அனுப்புவது அல்ல.

வேலையின் உண்மை நிலையையும் மாணவர்கள் அறிய வேண்டும். பிச்சாட்டூர்ப் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பெருந்தொழில் வளாகம் சத்தியவேட்டை ஒட்டிய ஸ்ரீசிட்டி. அங்கே வேலை கிடைக்கும் என்று சொன்னால் போதாது. நிரந்தரப் பணி எது, ஒப்பந்தப் பணி எது, பயிற்சியாளர் என்ற பெயரில் முழு வேலை வாங்கப்பட்டால் எங்கே முறையிடுவது, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எந்த உரிமைகளைச் சுருக்கின என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தகுதியானவர் நிறுவனத்தின் மனிதவள அதிகாரி மட்டுமல்லர். பிட்டரும், செவிலியரும், மின் ஊழியரும், நகரி விசைத்தறித் தொழிலாளியும், தொழிற்சங்க ஊழியரும் அந்த மேடையில் ஏற வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும், பிளஸ் டூ மாணவர்களுக்கான ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளும் அரசே இப்பொறுப்பை ஏற்க முடியும் என்பதற்குச் சான்று. அவையும் ஒருநாள் நிகழ்ச்சியாக முடிந்துவிடாமல் இருக்க, பள்ளிதோறும் நிலையான ஆசிரியர் வேண்டும்.

எனவே ஆந்திர, தமிழ்நாடு அரசுகளை வலியுறுத்துகிறோம். ஒவ்வோர் அரசு உயர்நிலைப் பள்ளியிலும் பயிற்சி பெற்ற வழிகாட்டி ஆசிரியர் நிரந்தரப் பணியில் அமர்த்தப்பட வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்தே சேர்க்கை விதிகளும் உதவித்தொகை விவரங்களும் மாணவரின் தாய்மொழியில் அச்சிட்டுத் தரப்பட வேண்டும். தனியார் கல்லூரிகள் பள்ளி வளாகத்தில் ஆள் பிடிப்பதும் மாணவர் விவரங்களைத் திரட்டுவதும் தடை செய்யப்பட வேண்டும். எல்லைப்புற மொழிச் சிறுபான்மை மாணவர்கள் இரு பக்கமும் இடமிழக்காதபடி இரு அரசுகளும் கலந்து பேசி விதிகளைத் திருத்த வேண்டும்.

மாணவர், வாலிபர், ஆசிரியர் அமைப்புகள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் கல்வியாண்டு தொடங்கும் முன்பே எல்லைப்புற ஊர்களின் பள்ளி வாசல்களில் இந்த விதிகளைத் துண்டறிக்கையாகக் கொண்டு சேர்க்கலாம். கனவு காணச் சொல்வது எளிது. அந்தக் கனவுக்குக் குறுக்கே நிற்கும் சட்டமும் கட்டணமும் எவை என்று சொல்லிக் கொடுத்து, அவற்றை மாற்றப் போராடவும் கற்றுத் தருவதே உண்மையான வழிகாட்டல்.