நாபோத்தின் தோட்டமும் நக்கவாரத்துக் காடும்

நம் பங்கு ஆலயத்தின் தென்புறத்தில் ஒரு முதிய இலுப்பை மரம் நின்றது. அதன் வயதை அறிந்தவர் எவருமில்லை. ஆலயத்துக்குக் கால்கோள் இடும் முன்பே அது அங்கிருந்தது என்று மட்டும் பெரியவர்கள் சொல்வார்கள். அதன் வித்தை ஆட்டி எடுத்த எண்ணெய்தான் ஒரு காலத்தில் நற்கருணைப் பேழையின் முன் எரியும் விளக்குக்குப் போயிற்றாம். திருமண மண்டபம் கட்ட இடம் போதவில்லை என்று பங்குப் பேரவை கூடியபோது, அம்மரத்தை வெட்டுவதென ஒருமனதாய் முடிவாயிற்று. நாமும் அக்கூட்டத்தில் கை உயர்த்தியவர்களே. "ஒன்று போனால் என்ன? ஈடாக இருபது நடுவோம்" என்றார் ஒருவர். எல்லாருக்கும் மனம் ஆறிவிட்டது. மண்டபம் மந்திரிக்கப்பட்ட நாளில் இருபது கன்றுகள் நடப்பட்டன, படமும் எடுத்துக்கொண்டோம். மூன்று கோடைகள் கழிந்தபின் எஞ்சியவை இரண்டே. அவற்றின் நிழலில் ஒரு கோழிகூட ஒதுங்க முடியாது.

இந்தச் சிறு பாவத்தை முதலில் அறிக்கையிட்டுவிட்டே ஒரு பெரும் பாவத்தைப் பற்றிப் பேச விழைகிறோம். ஏனெனில் இரண்டுக்கும் வேர் ஒன்றே. அது "ஈடு" என்னும் சொல்.

ஈடு நல்ல சொல்தான். அண்டை வீட்டாரின் ஆடு நம் வண்டியில் அடிபட்டால் ஈடு கொடுப்பது நீதி. கூரை எரிந்தவனுக்குக் கூரை வேய்ந்து கொடுப்பதும் நீதி. ஆனால் ஈடு கொடுக்கக்கூடியவை எவை, கூடாதவை எவை என்று பிரித்தறிய வேண்டாமா? தாயை இழந்த பிள்ளையிடம், "இரண்டு சிற்றன்னையரைத் தருகிறோம்" என்று எவராவது சொல்வதுண்டா? முந்நூறு ஆண்டுகள் மழையும் மண்ணும் புழுவும் பறவையும் சேர்ந்து சமைத்த ஒன்றை, நாற்றங்காலில் வளர்த்த கன்றுகளின் எண்ணிக்கையால் நிகர் செய்ய முடியும் என்று நம்புவது அறியாமை. அறிந்தும் அவ்வாறு சொல்வது பொய்.

இப்பொய் நம் நாட்டில் இன்று சட்டத்தின் உடையணிந்து உலவுகிறது. 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு நிலத்தை வேறு பயனுக்குத் திருப்ப மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்றாயிற்று. பின்னர், நம் நீலகிரியின் கூடலூர்க் காடுகளில் நடந்த மரவெட்டின் காரணமாக எழுந்த கோதவர்மன் வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. காடு என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருளையே சட்டமும் கொள்ள வேண்டும் என்று அது கூறிற்று. எத்தனையோ காடுகள் அந்த ஆணையால் பிழைத்தன. காட்டை எடுத்துக்கொள்பவர் பணம் கட்டி வேறிடத்தில் மரம் வளர்க்க வேண்டும் என்ற ஏற்பாடும் இவ்வழக்கின் வழியாகவே வலுப்பெற்றது. 2016-இல் அந்நிதிக்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. காட்டை அழிக்க நினைப்பவன் தயங்கட்டும் என்பதே அதன் நோக்கம். நடந்ததோ வேறு. பணத்தைக் கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்ற எண்ணம் வந்துவிட்டது. வேலியாக நட்டது வாயிலாகிவிட்டது.

அந்த வாயில் எவ்வளவு அகலமானது என்பதை அறியப் பெரிய நிக்கோபார் தீவைப் பார்த்தால் போதும். தமிழருக்கு இது அயல்நிலம் அன்று. 1025-ஆம் ஆண்டையொட்டி நடந்த கடற்படையெடுப்பைப் புகழும் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, இத்தீவுகளை மாநக்கவாரம் என்று பெயர் சொல்லி அழைக்கிறது. வெற்றியைப் பேச வந்த கல்வெட்டு, அத்தீவின் பொழில்களையும் சேர்த்தே பேசுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடலோடிகளின் கண்ணை நிறைத்த காடு அது.

அக்காடு இன்றும் நிற்கிறது. 1989-இல் தீவின் பெரும்பகுதி உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 2013-இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் இடம் பெற்றது. அங்கே கலாத்தியா விரிகுடாவில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் ஆகிய நான்கையும் கட்டும் திட்டத்துக்கு 2022-இல் வன அனுமதியும் சுற்றுச்சூழல் அனுமதியும் அடுத்தடுத்து வழங்கப்பட்டன. திட்டத்தின் பரப்பு 166 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் 130 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது காடு. வெட்டப்படவிருக்கும் மரங்கள் எட்டரை இலட்சம் என்று முதலில் மதிப்பிட்டார்கள். 2023-இல் மாநிலங்களவையில் அரசு சொன்ன கணக்கு 9.64 இலட்சம்.

இதற்கு ஈடு எங்கே தெரியுமா? அரியானாவில்! தீவில் மரம் நடுவதற்கு வேறு நிலம் போதாது; ஆகவே விதிப்படி வேறு மாநிலத்தில் நடலாம் என்கிறார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், கடலையே காணாத வறண்ட மண்ணில் நடப்படும் கன்று, வங்கக் கடலின் நடுவே நிற்கும் மழைக்காட்டுக்கு ஈடாம். நம் பங்குப் பேரவையாவது கன்றுகளை அதே வளாகத்தில் நட்டது.

காடு என்பது மரங்களின் தொகை அன்று. நிக்கோபாரில் மட்டுமே வாழும் ஒரு தரைப்பறவை இருக்கிறது. அது தன் முட்டையின் மேல் அமர்ந்து அடைகாப்பதில்லை. கரையோரக் காட்டில் மண்ணையும் உதிர்ந்த இலைகளையும் கால்களால் வாரிக் குவித்து மேடு கட்டுகிறது. இலை மட்கும்போது எழும் வெம்மையில் குஞ்சு பொரிகிறது. அப்பறவைக்குத் தேவை வெறும் மரம் அன்று. பல தலைமுறைகளாக உதிர்ந்து மட்கிய தரை. எத்தனை இலட்சம் கன்றுகள் அதைத் தரும்? அதே கலாத்தியா விரிகுடாவின் மணலில்தான், ஓட்டுக்குப் பதில் தோல் போர்த்த முதுகுடைய பேராமை, கடலாமைகள் அனைத்திலும் பெரியது, வந்து முட்டையிடுகிறது. அதன் பொருட்டு அமைந்த சரணாலயத்தின் காப்பு 2021 சனவரியில் நீக்கப்பட்டது. ஆமைக்கு அரியானாவில் என்ன ஈடு?

ஆமையை விடுங்கள், மனிதருக்கு என்ன ஈடு? அக்காட்டின் உட்புறத்தில் ஷோம்பென் என்னும் பழங்குடியினர் வாழ்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் 229 பேர். வேட்டையும் தாழையின் கனியும் ஆற்றோரமும் அவர்களுடைய வாழ்வு. கரையோரத்தில் நிக்கோபாரியர் இருந்தனர். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அவர்களுடைய ஊர்களை அழித்தது. தீவின் தென்முனை நிலமே பல அடி தாழ்ந்து கடலுள் இறங்கிற்று. பிழைத்தவர்கள் அரசு அமைத்த குடியிருப்புகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தம் முன்னோரின் ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்பதே அன்றுமுதல் அவர்களுடைய வேண்டுகோள். 2022 ஆகஸ்டில் அவர்களுடைய பழங்குடிப் பேரவையிடம் தடையின்மைச் சான்று பெறப்பட்டது. தாம் திரும்பக் காத்திருந்த ஊர்களும் திட்டத்துக்குள் அடங்கும் என்று அறிந்தபின், அதே ஆண்டு நவம்பரில் பேரவை அச்சான்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திட்டம் நிற்கவில்லை.

அரசர்கள் முதல் நூலின் 21-ஆம் அதிகாரம் நாம் அறிந்ததே. ஆகாபு அரசனின் அரண்மனையை அடுத்து நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அதை எடுத்துக் காய்கறித் தோட்டமாக்க அரசன் விரும்பினான். இக்கதையில் நாம் எளிதாகக் கடந்துபோகும் இடம் ஒன்றுண்டு. ஆகாபு முதலில் வாளை எடுக்கவில்லை. ஈடு கொடுக்க முன்வந்தான். இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டாமென்றால் விலையை வெள்ளியாகத் தருகிறேன் என்றான். சந்தைக் கணக்கில் அது நேர்மையான பேரம்தான். நாபோத்து மறுத்தான். அவனுக்கு அது மூதாதையரின் உரிமைச் சொத்து. விலைக்கு உட்படாதது. அதன்பின் ஈசபேல் செய்தது என்ன? அரச முத்திரையிட்ட மடல் எழுதினாள், நோன்பு அறிவித்தாள், ஊர்ப் பெரியோரைக் கூட்டினாள், சாட்சிகளை நிறுத்தினாள். முறை ஒன்றும் வழுவவில்லை. எல்லாம் முறைப்படி நடந்து முடிந்தபோது நாபோத்து கல்லெறிபட்டுக் கிடந்தான்.

முறைப்படி நடப்பதெல்லாம் நீதி ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அனுமதி உண்டு, அறிக்கை உண்டு, குழு உண்டு என்று நமக்குச் சொல்கிறார்கள். 2023 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் வன அனுமதியில் தலையிட மறுத்துவிட்டது; சுற்றுச்சூழல் அனுமதியை மறுபடி பார்க்க ஒரு குழுவை மட்டும் அமைத்தது. தாள்கள் எல்லாம் சரியாக இருக்கலாம். தோட்டம் யாருடையது என்ற வினாவுக்குத் தாள் விடையாகாது.

எதிர்வாதம் உண்டு, அதை மறைக்க மாட்டோம். மலாக்கா நீரிணையின் வாயிலில் நிற்கும் தீவு அது, நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்கிறார்கள். பாதுகாப்பு வேண்டாமென எந்தக் குடிமகனும் சொல்லான். ஆனால் கேம்பல் விரிகுடாவில் கடற்படையின் வான்தளம் 2012 முதலே இயங்கிவருகிறது. 2011-இல் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் வாழ்ந்த தீவில் மூன்றரை இலட்சம் பேரைக் குடியேற்றும் நகரம் எந்தப் பகைவனைத் தடுக்கும்? காவல் என்ற சொல்லின் முதுகில் வணிகத்தை ஏற்றி அனுப்பலாகாது. அதுவும் நிலநடுக்க அபாயம் மிக மிகுந்த மண்டலத்தில், இருபது ஆண்டுகளுக்கு முன் நிலமே தாழ்ந்த கரையில்!

"வளர்ச்சியைத் தடுப்பவர்கள்" என்ற பழியும் வரும். அதே பழியை நம் அண்டை மாநிலத்தார் ஏற்கெனவே சுமந்து காட்டியிருக்கிறார்கள். பாலக்காட்டு மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழையின் குறுக்கே அணை கட்ட 1973-இல் திட்டக்குழு இசைந்தது. மின்சாரம் வேண்டாமா, குரங்கு வேண்டுமா என்று கேலி செய்தார்கள். சிங்கவால் குரங்கின் எஞ்சிய உறைவிடங்களுள் ஒன்று அக்காடு. எதிர்த்து நின்றவர் யார்? தாவரவியல் ஆசிரியர் எம்.கே. பிரசாத், கவிஞர் சுகதகுமாரி, கேரள சாத்திர சாகித்திய பரிசத்தின் பள்ளி ஆசிரியர்கள். அவர்கள் வெறும் கூக்குரல் இடவில்லை. எவ்வளவு மின்சாரம், எவருக்கு, வேறு வழி என்ன என்று கணக்கெழுதிப் பரப்பினார்கள். பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பின் அணை கைவிடப்பட்டது. 1984-இல் அக்காடு தேசியப் பூங்கா ஆயிற்று. கேரளம் இருளில் மூழ்கவில்லை. காடு நிற்கிறது. ஆகவே இயலாது என்று சொல்லும் உரிமை நமக்கில்லை.

திருச்சபையின் குரலும் இதில் தெளிவாகவே இருக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலின் 39-ஆம் எண், கன்னிக் காட்டை அகற்றி ஒரே வகை மரங்களை நடுவது பல்லுயிர்ப் பெருக்கத்துக்குப் பெருங்கேடு விளைவிக்கக்கூடும் என்று எச்சரிக்கிறது. 146-ஆம் எண், பழங்குடியினரின் நிலத்தைத் தொடும் பெருந்திட்டங்களில் அவர்களையே முதன்மையான உரையாடல் துணைவராகக் கொள்ள வேண்டும் என்கிறது. இம்மடலைப் படித்துப் பல பங்குகளில் மரக்கன்று நட்டோம். நன்று. ஆனால் நடுவது எளிது, படம் எடுக்கலாம். வெட்டாதே என்று சொல்வதே அரிது. அங்கே எதிரே நிற்பவர் அதிகாரமுடையவர், சில வேளை நம் நண்பர், சில வேளை நாமே.

ஆகவே நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். பங்கு வளாகத்திலும் பள்ளியிலும் கல்லறைத் தோட்டத்திலும் நிற்கும் முதிய மரங்களைக் கணக்கெடுப்போம். அவற்றுள் ஒன்றை வெட்டும் தீர்மானம் வரும்போது, கட்டடத்தின் வரைபடத்தை மாற்ற இயலாதா என்ற கேள்வி முதலில் எழட்டும். நம் மாவட்டத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால் வெற்று நாற்காலியை விட்டுவைக்காமல் சென்று அமர்வோம். நக்கவாரத்தைப் பற்றி நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுவோம். நிக்கோபாரியரில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். ஷோம்பென் மக்கள் அல்லர். இருவருக்கும் ஒன்றாகவே எழுதுவோம். எலியா தோட்டத்துக்கே போய் ஆகாபை எதிர்கொண்டார் என்பதை மறவாதிருப்போம். அவர் போனபோது நாபோத்து இறந்திருந்தான். நமக்கு இன்னும் காலம் இருக்கிறது.

எஞ்சிய இரண்டு கன்றுகளுக்கு ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் நீர் ஊற்றுகிறோம். அவை வளரட்டும். ஆனால் அவற்றை அந்த இலுப்பையின் ஈடு என்று சொல்வதை நிறுத்திவிட்டோம்.