கனத்த காமிராவா? கைக்கு அடக்கமான காமிராவா?

அலமாரியில் ஒரு பை இருக்கிறது. பைக்குள் ஒரு பெரிய காமிரா இருக்கிறது. பத்து வருடங்களுக்கு முன் ஆசை ஆசையாக வாங்கியது. முதல் இரண்டு வருடம் அது வீட்டில் தங்கியதே இல்லை. கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா என்று எல்லா இடத்துக்கும் போயிற்று.

இப்பொழுது? "அதை யார் தூக்குவது?" என்கிறார் வீட்டுக்காரர். செல்போனில் நாலு படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

இப்படி எத்தனையோ வீடுகள். அந்த வீடுகளில் இன்று ஒரு பேச்சு நடக்கிறது. "டி.எஸ்.எல்.ஆர். காலம் முடிந்துவிட்டதாம். இனிமேல் மிர்ரர்லெஸ்தானாம். பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனால் பயந்துபோய் வாங்கக் கூடாது. காமிராவுக்குப் போகிற பணம் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு. எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

கண்ணாடி எங்கே போயிற்று?

மிர்ரர் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. மிர்ரர்லெஸ் என்றால் கண்ணாடி இல்லாதது. பெயரிலேயே விஷயம் இருக்கிறது.

டி.எஸ்.எல்.ஆர். காமிராவின் வயிற்றுக்குள் ஒரு சிறு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் அதில் பட்டு மேலே போகிறது. அங்கிருந்து திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி சட்டென்று மேலே எழும்பும். வெளிச்சம் நேராகப் பின்னால் போய் சென்சாரில் விழும். படம் பதிவாகும். 'களக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அதில் பெரும் பங்கு இந்தக் கண்ணாடி போடும் சத்தம்தான்.

பிலிம் காலத்தில் இது அருமையான ஏற்பாடு. லென்ஸ் காணும் காட்சியை அப்படியே நாமும் பார்க்கலாம். 1959-ல் 'நிக்கான் எப்' என்ற காமிரா வந்தது. அதற்குள்ளும் இதே கண்ணாடிதான்.

பிலிம் போய் சென்சார் வந்தது. சென்சார் காட்சியைத் தானே பார்க்கிறது. பார்த்ததை ஒரு சின்னத் திரையில் காட்டிவிடுகிறது. அப்புறம் கண்ணாடி எதற்கு? எடுத்துவிட்டார்கள். இந்த வகைக் காமிராவை 2008-ல் பானசானிக் கம்பெனி கடைக்குக் கொண்டுவந்தது. 2010-ல் சோனி வந்தது. பெரிய கம்பெனிகளான நிக்கானும் கேனானும் 2018-ல்தான் முழு மூச்சாக இறங்கின. 2020-ல் மிர்ரர்லெஸ் விற்பனை டி.எஸ்.எல்.ஆரை முந்தியது. நிக்கானும் கேனானும் புது டி.எஸ்.எல்.ஆர். கொண்டுவந்தது அதே 2020-ல்தான் கடைசி.

அதனால் உங்கள் வீட்டுக் காமிரா செத்துப்போய்விட்டதா? இல்லை. அன்று எடுத்த மாதிரியே இன்றும் படம் எடுக்கும். "இனி அது குப்பை" என்று யாராவது சொன்னால், அவர் புதுக் காமிரா விற்பவராக இருக்கலாம்!

எடையைக் கூட்டிப் பாருங்கள்

நிக்கான் 'டி7500' காமிரா 2017-ல் வந்தது. பாட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 720 கிராம். அதோடு பலரும் வாங்கிய 18-140 லென்ஸ் 490 கிராம். ஆக மொத்தம் 1,210 கிராம். ஒரு நாள் முழுவதும் கழுத்தில் தொங்கினால், சாயங்காலம் தோள்பட்டை பதில் சொல்லும்.

அதே கம்பெனியின் 'இசட் 50' மிர்ரர்லெஸ் 2019-ல் வந்தது. அது 450 கிராம். அதற்கான 16-50 லென்ஸ் 135 கிராம். கூட்டினால் 585 கிராம். பாதிக்கும் குறைவு!

அப்படியானால் கண்ணாடி போனதும் எடை போய்விட்டதா? அவசரப்படாதீர்கள். நிக்கானிலேயே 'டி5600' என்று ஒரு சின்ன டி.எஸ்.எல்.ஆர். உண்டு. அது 465 கிராம். இசட் 50-க்கும் அதற்கும் வித்தியாசம் 15 கிராம்தான். எடை பெரும்பாலும் லென்சில் இருக்கிறது. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 16-50 லென்ஸ் 18-140 அளவுக்குத் தூரத்தை இழுத்துக் காட்டாது. மேடையில் ஆடும் குழந்தையைக் கடைசி வரிசையிலிருந்து பிடிக்க அது உதவாது.

இன்னொரு கணக்கு. சோனி 'ஏ7' வரிசையில் நான்காவது காமிரா 2021-ல் வந்தது. மிர்ரர்லெஸ்தான். எடை 658 கிராம். அதற்கு ஒரு நல்ல 24-70 லென்ஸ் மாட்டுகிறார்கள். அதன் முதல் தயாரிப்பு 886 கிராம். மொத்தம் 1,544 கிராம்! பழைய டி.எஸ்.எல்.ஆரை விட அதிகம். தோள்வலிக்குப் பயந்து மிர்ரர்லெஸ் வாங்கப் போனவர் இதை வாங்கி வந்தால் என்ன பயன்?

காரணம் சென்சாரின் அளவு. இந்த சோனி காமிராவில் சென்சார் 36 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம். பழைய பிலிம் சுருளில் ஒரு படத்தின் அளவு அது. இதை 'புல் பிரேம்' என்கிறார்கள். நடுத்தர அளவு ஏறக்குறைய 24-க்கு 16. டி7500, இசட் 50 இரண்டிலும் இருப்பது இதுதான். ஒலிம்பஸ், பானசானிக் காமிராக்களில் பார்க்கும் சின்ன அளவு 17-க்கு 13. சென்சார் பெரிதானால் லென்சும் பெருக்கும். பெரிய ஆளுக்குப் பெரிய சட்டை வேண்டும் அல்லவா?

இருட்டு மண்டபத்தில் கல்யாணப் படம் எடுத்துச் சம்பாதிப்பவருக்குப் புல் பிரேம் வேண்டியிருக்கலாம். குழந்தைகளையும் ஊர் பயணத்தையும் படம் பிடிக்கும் குடும்பத்துக்கு நடுத்தர அளவு தாராளமாகப் போதும். சின்ன அளவும் போதும். இது நம் அபிப்பிராயம்.

முதலில் ஒரு வைத்தியம்

புதியது வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய காமிராவில் உள்ள பெரிய லென்சைக் கழற்றுங்கள். சின்ன லென்ஸ் ஒன்று மாட்டுங்கள். நிக்கானுக்கு 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று 200 கிராமில் இருக்கிறது. கேனானுக்கு அடை மாதிரி தட்டையான 24 மில்லிமீட்டர் லென்ஸ் உண்டு. எடை 125 கிராம்தான். நண்பரிடம் இரவல் வாங்கலாம். பழையதாகவும் கிடைக்கும்.

ஒரு மாதம் இப்படி வெளியே எடுத்துச் செல்லுங்கள். காமிரா மறுபடியும் ஊர் சுற்றத் தொடங்கினால் பணம் மிச்சம். அப்பொழுதும் அலமாரியிலேயே தூங்கினால் சின்ன மிர்ரர்லெஸ் வாங்குவது வீண் செலவு ஆகாது.

பழைய லென்ஸ் என்ன ஆகும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. காமிராவை விட லென்சுக்கு அதிகம் செலவழித்தவர்கள் பலர்.

டி.எஸ்.எல்.ஆரில் கண்ணாடி நிற்க இடம் வேண்டும். அதனால் லென்ஸ் மாட்டும் வாய்க்கும் சென்சாருக்கும் நடுவே தூரம் அதிகம். நிக்கானில் 46.5 மில்லிமீட்டர். புதிய நிக்கான் மிர்ரர்லெசில் 16 மில்லிமீட்டர். நடுவில் உள்ள இடைவெளியை ஒரு வளையம் வைத்து நிரப்பினால் பழைய லென்சைப் புதுக் காமிராவில் மாட்டலாம். இந்த வளையத்தின் பெயர் அடாப்டர்.

கேனான் வைத்திருப்பவர்களுக்குத் தொல்லை குறைவு. 1987 முதல் வந்த இ.எப். லென்சுகள் அடாப்டரில் தானாகவே போகஸ் ஆகும். நிக்கான்காரர்கள் கவனிக்க வேண்டும். லென்சுக்குள்ளேயே மோட்டார் இருந்தால் போகஸ் ஆகும். காமிராவில் உள்ள மோட்டாரை நம்பி வேலை செய்த பழைய ஏ.எப்., ஏ.எப்.-டி லென்சுகள் நிக்கானின் அடாப்டரில் தானாகப் போகஸ் ஆகாது. கையால் திருக வேண்டும். வாங்குவதற்கு முன் லென்சின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய சாமான் விற்கும் இடத்தில் சில மிர்ரர்லெஸ் காமிராக்கள் மலிவாகக் கிடைக்கும். நிக்கான் 2011-ல் 'நிக்கான் 1' என்று ஒரு வகை தொடங்கி, 2018-ல் நிறுத்திவிட்டது. கேனான் 2012-ல் 'இ.ஓ.எஸ். எம்' தொடங்கி, 2023-ல் நிறுத்தியது. சாம்சங் 2010-ல் இறங்கி, சில வருடங்களில் கடையைக் கட்டிவிட்டது. இந்தக் காமிராக்கள் நல்ல படம் எடுக்கும். ஆனால் இவற்றுக்கு அந்தக் கம்பெனிகள் இனிப் புது லென்ஸ் செய்வதில்லை. கூடவே கிடைக்கும் லென்ஸ் போதும் என்றால் வாங்கலாம்.

கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல்

டி.எஸ்.எல்.ஆர். பழகியவர் காமிராவைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் படம் எடுப்பார். கை ஆடாது. சில மிர்ரர்லெஸ் காமிராக்களில் அந்த ஜன்னலே கிடையாது. சோனி 'இசட்.வி.-இ10', நிக்கான் 'இசட் 30', பியூஜிபிலிம் 'எக்ஸ்-எம்5' ஆகியவை அப்படிப்பட்டவை. பின்னால் உள்ள திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் அந்தத் திரை சரியாகத் தெரியாது. டி.எஸ்.எல்.ஆர். பழகிய கைக்கு ஜன்னல் உள்ள காமிராவே நல்லது.

அந்த ஜன்னலில் ஒரு லாபமும் இருக்கிறது. படம் வெளுக்குமா, கறுக்குமா என்பது எடுப்பதற்கு முன்பே தெரிகிறது. எடுத்த படத்தையும் அதிலேயே பார்க்கலாம். வெள்ளெழுத்து வந்தவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டாம்!

நஷ்டம் என்ன? திரை எப்பொழுதும் எரிந்துகொண்டிருப்பதால் பாட்டரி சீக்கிரம் தீரும். டி7500 ஒரு சார்ஜில் 950 படம் எடுக்கும் என்பது கம்பெனிக் கணக்கு. இசட் 50 சுமார் 300 எடுக்கும். ஆகவே இன்னொரு பாட்டரியின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

சத்தம் இல்லாமல் படம் எடுக்கும் வசதி பல காமிராக்களில் உண்டு. குழந்தை தூங்கும்போது நன்றாக உதவும். ஆனால் டியூப் லைட் வெளிச்சத்தில் படத்தில் கோடு கோடாக விழலாம். வேகமாக ஓடும் பஸ் சாய்ந்த பஸ்ஸாகத் தெரியும். அந்த இடங்களில் சாதாரண ஷட்டரையே பயன்படுத்துங்கள்.

கடைக்குப் போகும்போது

பழைய காமிராவையும் கூட எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு கையில் அதையும் மற்றொரு கையில் புதியதையும் பிடித்துப் பாருங்கள். ரொம்பச் சின்னக் காமிராவில் சுண்டு விரலுக்கு இடம் இருக்காது. பெரிய லென்ஸ் மாட்டினால் முன்பக்கம் தலை சாயும். உங்கள் கார்டைப் போட்டு நாலு படம் எடுத்து வந்து வீட்டில் பாருங்கள். தள்ளுபடி நாளை முடிகிறது என்று கடைக்காரர் சொன்னாலும் ஒரு இரவு யோசியுங்கள்.

பழைய காமிராவை மாற்றினால் கிடைக்கும் தொகை பெரும்பாலும் மனத்தைச் சங்கடப்படுத்தும். அந்தத் தொகைக்குக் கொடுப்பதை விட, படம் எடுக்க ஆசைப்படும் மகனுக்கோ மகளுக்கோ கொடுத்துவிடலாம். தூக்க வயது இருக்கிறது!

அதை எடுத்துவைப்பதானால் பாட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஈரம் பட்டால் லென்சுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். மாதத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து, பாட்டரி போட்டு, பத்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப வையுங்கள்.