வகுப்பறையை விட்டு நாமும் வெளியே வருவோம்



2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியதும் வகுப்பறை நம் வீட்டுக்குள் வந்தது. சென்னைப் புறநகர்களான சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் எத்தனை வீடுகளில் இதே காட்சி! ஹாலில் அப்பாவின் ஆபீஸ் மீட்டிங், சமையலறை ஓரத்தில் அக்காவின் பத்தாம் வகுப்பு, கட்டில்மேல் தம்பியின் ஒன்றாம் வகுப்பு. டீச்சர் கேள்வி கேட்டதும் பெற்றோரான நாம் போனுக்குப் பின்னால் நின்று விடையைக் கிசுகிசுத்தோம். பிள்ளை தப்பாகச் சொன்னால் மியூட்டைப் போட்டுவிட்டு அதட்டினோம். பின்தங்கிவிடக் கூடாதே என்ற பயம்தான் காரணம், வேறெதுவும் இல்லை.

தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்று பள்ளி மறுபடி திறந்தது. அவர்கள் வகுப்பறைக்குத் திரும்பிவிட்டார்கள். அங்கிருந்து நாம் வெளியே வந்தோமா?

மாலை நேரம். பள்ளி வேன் மேடவாக்கம் நெரிசலில் நிற்கிறது. அதற்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், "மேத்ஸ் ஹோம்வொர்க் என்ன?", "டெஸ்ட்டுக்கு எந்தப் பாடம் வரைக்கும்?" என்று ஒரே விசாரணை. யாரோ ஒருவர் நோட்டைப் படமெடுத்துப் போடுகிறார். பிள்ளை செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னிக்கு ஸ்லிப் டெஸ்ட்ல எவ்வளவு?" என்று கேட்டுவிடுகிறோம். அவளிடம் சொல்வதற்கு ஆயிரம் இருந்திருக்கும். பக்கத்தில் உட்காரும் தோழி ஏன் அழுதாள் என்பதைச் சொல்லத்தான் அவள் ஓடி வந்திருப்பாள்.

தன் வீட்டுப்பாடத்தைத் தானே எழுதிக்கொண்டு வரவும், மறந்துபோனால் அடுத்த தெருத் தோழியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும், மறந்ததற்காக டீச்சரிடம் திட்டு வாங்கவும்கூட அவளை விடாமல், அவளுக்கு எப்படிப் பொறுப்பு வரும் என்று எதிர்பார்க்கிறோம்?

இரவு ஏழு மணி. ஏழாம் வகுப்புப் பையன் நாள் முழுக்கப் பள்ளியில் இருந்துவிட்டு வந்து மறுபடி டேப்லெட்டின் முன் உட்கார்கிறான். நீட், ஜேஇஇ என்ற பெயரில் 'ஃபவுண்டேஷன் கோர்ஸ்', இரண்டு மணி நேரம். கண்ணைத் தேய்த்துக்கொண்டே கேட்கிறான். பீஸ் கட்டியாகிவிட்டது, அதனால் எழுந்திருக்க விடமாட்டோம்.

2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல் என்ன சொன்னது? ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிட இணைய வகுப்புகள் இரண்டுக்கு மேல் கூடாது. அதாவது, அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம். பள்ளியே நடக்காத காலத்துக்கு வகுத்த வரம்பு அது. முழு நாள் பள்ளிக்கு மேல் இரண்டு மணி நேரத்தை ஏற்றுகிறோமே, எந்தக் கணக்கில் இது சரி?

மழைக்காலத்தில் இன்னொரு காட்சி. முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் தெருவில் தண்ணீர் ஏறுகிறது. கலெக்டர் விடுமுறை அறிவிக்கிறார். குழந்தைகள் துள்ளிக் குதித்து முடிப்பதற்குள், "ஆன்லைன் கிளாஸ் லிங்க் எப்போ வரும்?" என்று குழுவில் நாமே கேட்கிறோம். மழையை வேடிக்கை பார்க்க ஒரு நாள்கூட இல்லாத பால்யத்தை யாருக்காகக் கட்டிக்கொடுக்கிறோம்?

இணையவழிப் படிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. டெங்குவில் பத்து நாள் படுத்த பிள்ளைக்கு, பதிவு செய்த பாடம் பெரிய உதவி. ஆனால் தனியாகத் திரையைப் பார்த்துக் கற்க முடியாதவையும் உண்டு. தப்பாகச் சொல்லி நாலு பேரோடு சேர்ந்து சிரிப்பது, சண்டை போட்டு அடுத்த பீரியடிலேயே சேர்ந்துகொள்வது, அப்பா அம்மா பார்க்காத இடத்தில் தானாக ஒரு முடிவெடுப்பது. கொரோனாவால் விட்டுப்போன படிப்பைச் சரிசெய்ய, 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியபோது தன்னார்வலர்களைத்தான் தேடியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மாலையில் தங்கள் தெருவிலேயே கூடி உட்கார்ந்து படித்தார்கள். ஒன்றாக உட்காருவதன் அருமையை அந்த ஏற்பாடு காட்டியது. நம் பிள்ளைகளுக்கு அது நாள்தோறும் பள்ளியிலேயே கிடைக்கிறது. அதை அவர்களிடமே விட்டுவைக்க நமக்கு மனம் வரவில்லையே!

இந்த வாரமே தொடங்குவோம். ஹோம்வொர்க்கைக் குழுவில் கேட்பதை நிறுத்துவோம். வாரத்தில் மூன்று மாலையாவது வகுப்பு, டெஸ்ட் எதுவும் இல்லாமல் விடுவோம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசும் முன், "இவனுக்கு வகுப்பில் நண்பர்கள் இருக்கிறார்களா? தானாகக் கை தூக்கிக் கேள்வி கேட்கிறானா?" என்று ஆசிரியரிடம் கேட்போம். பிள்ளைமேல் நமக்கு நம்பிக்கை இருக்கிறது என்றால், நாம் பார்க்காத சில மணி நேரத்தை அவனுக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.